நல்லவனா என்று கேட்டார்கள்

கொட்டாஞ்சேனையில் அந்த லேனுக்குள் நுழைகிற எவரும் முதலில் அந்தோனியாரைக் கடக்க வேண்டும், அடுத்து அருள்நாயகியைக் கடக்க வேண்டும். அந்தோனியார் லேன் முகப்பிலிருந்த கெபியில், அந்தச் சிறு சுரூபக் கூட்டின் கண்ணாடிக்குப் பின்னால், குழந்தை யேசுவை ஏந்திக்கொண்டு நின்றார். யார் வந்தாலும் யார் போனாலும் அவர் வாய் திறந்ததில்லை. அருள்நாயகி கெபியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள். அவள் வாய் மூடியதில்லை.

கெட்டதை மணத்தினாலேயே கண்டுபிடிக்கும் வரம் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று அவள் நம்பினாள். மயிர் கருகுவதுபோல ஒரு மணம் வருமாம். முன்பொரு நாள் அதே லேனிலிருந்த றோஸியின் வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்தி, "இங்க ஏதோ கருகிற மணம் வருது. இந்த வீட்டுக்குள்ள கெட்டது ஒண்டு நுழைஞ்சிட்டு" என்றாள். அந்தக் கிழமை முடிய முன்னரே றோஸியின் புருஷன் றேமண்ட் வேறொருத்தியோடு நீர்கொழும்புக்கு ஓடிப்போனான். அன்று றோஸியின் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்திருந்ததும் உண்மைதான். ஆனால் பருப்பின் பேச்சை யார் எடுப்பார்கள்? அதிலிருந்து லேனுக்குள் கல்யாணம் பேசுவதானாலும், புது வாடகைக்காரரை வைப்பதானாலும், அருளக்காவின் மூக்கைக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்கவில்லை.

அவள் பொய்க்காரி அல்ல. அதுதான் கஷ்டமே. பொய்க்காரிக்குத் தான் பொய் சொல்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும். அருள்நாயகி விரதம் இருந்தாள், முழங்காலில் நின்றாள், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து போனாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவள் புருஷன் சூசைதாசன் செத்த பிறகு, பிள்ளைகுட்டியும் இல்லாத அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியது இந்த வரம் ஒன்றுதான். நாலு பெண்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று பொங்கும். அதைப் பரிசுத்த ஆவி என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு பெயரும் அதற்கு இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

அவளுடைய பின்னறையில் இராமரும் பேச்சியம்மாவும் வாடகைக்கு இருந்தார்கள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இராமருக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன்களில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. பேச்சியம்மா ஒரு தையல் தொழிற்சாலையில் நூல் வெட்டினாள். இரண்டு பேரும் சத்தம் போட்டுக் கதைத்து அருள்நாயகி கேட்டதில்லை. மழைக்காலத்தில் தகரம் ஒழுகியபோது இராமர் தானாகவே கூரையில் ஏறித் தார் பூசினான். மூலையில் ஒரு மாரியம்மன் படம் வைத்திருந்தார்கள். அதைக் கண்டும் காணாததுபோல விட்டதைத் தன்னுடைய பெரிய மனது என்று அருள்நாயகி நினைத்தாள். அதை இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருந்தாள்.

கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த மறுகிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த நாட்களில் கொழும்பிலே தமிழனாக இருப்பது என்பது பகலில் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டும், விடியலில் ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டும் இருப்பதுதான். அருள்நாயகி காய்ச்சலோடு கிடந்தாள். பேச்சியம்மா வேலைக்குப் போகாமல் நின்று கஞ்சி வைத்துக் கொடுத்தாள். திங்களோடு காய்ச்சல் விட்டது. அந்தோனியாருக்கு வைத்த நவநாள் ஜெபத்தின் பலன் என்று அருள்நாயகி எல்லோருக்கும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கெபிக்கு விளக்கேற்றப் போனவள் அப்படியே நின்றாள். கெபியின் முன்னால், லேன் றோட்டில் சேருகிற சந்தியில், வெட்டிய தேசிக்காய் இரண்டு பாதியாகக் கிடந்தது. உள்ளே குங்குமம், இரத்தம்போல; பின்னறை மாரியம்மன் படத்தில் பூசியிருந்த அதே குங்குமம். பக்கத்தில் ஒரு ஓட்டுத்துண்டில் கருகிய மிளகாயும் சாம்பலும். அவள் குனிந்தாள். மணம் வந்தது. மயிர் கருகிய மணம், சந்தேகமே இல்லாமல், மூக்கில் ஏறி அடித்தது. இத்தனை வருடத்தில் அது இவ்வளவு பலமாக வந்ததே இல்லை.

அவள் உடம்பு நடுங்கியது. பயம் பாதி. மீதிப் பாதி சந்தோஷம் என்று சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். ஆனால் அது சந்தோஷம்தான்.

அன்று பின்னேரம் கெபியின் முன்னால் செவ்வாய் ஜெபம். லேன் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கடைக்கார மக்கீன் எதிர்ப்பக்கத்தில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்ததும் அருள்நாயகி கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

"எங்கட லேனுக்குள்ள சூனியம் வந்திட்டு. என்ட சொந்தக் கூரைக்குக் கீழதான் இருக்கு. நான் பாவம் பாத்து இடம் குடுத்தன். அந்தப் பின்னறையில இருக்கிறவனுக்குள்ள இருக்கிறது மனுசன் இல்ல. எனக்கு மணத்திட்டு."

"ஆண்டவரே!" என்று றோஸி நெஞ்சில் கை வைத்தாள். "நான் அப்பவே நினைச்சனான் அருளக்கா. அவன் நிமிந்து பாத்து ஒருநாளும் கதைக்கிறதில்ல."

ஒருவன் தலை குனிந்து நடந்தால் அதற்கும் ஒரு குற்றம் கிடைத்துவிடும் என்பது இராமருக்குத் தெரியாது. அவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி, சுவரோரமாக வீட்டுக்குப் போனான். பெண்கள் விலகி வழி விட்டார்கள். மரியாதைக்கு விட்ட வழி அல்ல அது. மாத முடிவோடு அறையை விட்டுப் போகச் சொல்லி அருள்நாயகி அன்றே அறிவித்தாள். ஏன் என்று பேச்சியம்மா கேட்டதற்கு, "ஏன் எண்டு உன்ட மனச்சாட்சியைக் கேள்" என்று கதவைச் சாத்தினாள்.

வியாழன் விடியலில் ஜீப்புகள் வந்தன.

சுற்றிவளைப்பு லேனுக்குப் புதிதல்ல.  ஆண்கள் எல்லோரையும் வெளியே வரச் சொல்லிச் சுவரோடு வரிசையாக நிறுத்தினார்கள். பெண்கள் நைற்றியோடு வாசல்களில் நின்றார்கள். லேன் முகப்பில், கெபிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஜீப்பின் பின்சீற்றில் ஒருவன் இருந்தான். அவன் தலையிலிருந்து தோள்வரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று அவனைச் சொல்வார்கள். முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளைப் பார்த்து அவன் தலையாட்டினால், அந்த ஆள் புலி. ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். சாக்குக்குள் இருப்பவன் யார், எந்த ஊர், எதற்காக ஆட்டுகிறான் என்று கேட்க எவராலும் முடியாது.

அருள்நாயகி அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சார்ஜன்ட் ஒவ்வொரு அட்டையாக வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். இராமரிடம் நின்றார். அட்டையில் தோட்டத்து விலாசம். இங்கே என்ன வேலை, எந்த வீடு என்று கேட்டார். இராமர் அருள்நாயகியின் வாசலைக் காட்டினான். சார்ஜன்ட் வந்தார். கடுமையான மனிதராகத் தெரியவில்லை. தூக்கம் கெட்ட முகம், சவரம் செய்யாத கன்னம். கெபியையும் அவள் கழுத்தில் நூலில் தொங்கிய உத்தரியத்தையும் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார்.

"நோனா, மேயா ஹொந்த மினிஹெக்த?"

இவன் நல்ல மனுசனா என்று கேட்டார். அவ்வளவுதான். ஓவ், ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், சார்ஜன்ட் அடுத்த ஆளிடம் போயிருப்பார். போக வேண்டும் என்ற அவசரம் அவர் முகத்திலேயே இருந்தது.

அருள்நாயகி வாயைத் திறந்தாள். வலது பக்கத்தில் றோஸி நின்றாள். அதற்கப்பால் செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு வந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஒருத்தி விடாமல் அவள் வாயைப் பார்த்தார்கள். முந்தாநாள் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரின் பெயரால் சொன்னதை இன்று ஒரு சார்ஜன்டுக்கு முன்னால் மாற்றிச் சொல்வதா? அப்படியானால் அன்று மணத்தது என்ன? றோஸியின் வீட்டில் மணத்தது என்ன? ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் முழுச் சட்டையும் பிரிந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்தது. இராமர் சுவரோரத்தில் நின்று அவளைப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தன்னே நே மாத்தயா" என்றாள். தெரியாது ஐயா.

சார்ஜன்ட் ஒரு கணம் நின்றார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பிறகு தலையாட்டிக்குக் காட்டாமலே, ஸ்டேசனுக்கு என்று கையை அசைத்தார். இரண்டு பொலிஸ்காரர் இராமரைக் கையில் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். பேச்சியம்மா ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். எதிர்ப்பக்கத்தில் மக்கீன் கடைப்படியில் இறங்கி, "சேர், எனக்குத் தெரியும் சேர், நல்ல மனுசன்!" என்று சிங்களத்தில் கத்தினார். "ஒன்ட வீட்டிலயா இருக்கான்? வாயை மூடு" என்று ஒரு பொலிஸ்காரன் அவரைத் துவக்குப் பிடியால் தள்ளினான்.

ஜீப் போனதும் றோஸி அருள்நாயகியின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். "உங்கட மூக்கு இல்லாட்டி எங்கட லேன் என்ன ஆகியிருக்கும் அருளக்கா." அருள்நாயகி தலையை மட்டும் அசைத்தாள். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். ஊற்றியது கோப்பையிலேயே ஆறியது.

நண்பகலுக்கு முன்னர் பேச்சியம்மா திரும்பி வந்தாள். தலை கலைந்து, செருப்பு ஒன்று இல்லாமல் வந்தாள். நேரே உள்ளே வந்து அருள்நாயகியின் காலைப் பிடித்தாள்.

"அம்மா, ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. வீட்டுக்கார நோனா வந்து சொன்னா விட்டுர்றோம்னு சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள யாரும் வரலேன்னா வேற எடத்துக்கு அனுப்பிருவாங்களாம். அங்க போனவங்க வந்ததில்லங்கம்மா."

"சூனியம் செய்யேக்க இது தெரியேல்லையா உனக்கு?"

பேச்சியம்மா விழித்தாள். "சூனியமா? யாருக்குங்க?"

"கெபிக்கு முன்னால தேசிக்காய் வெட்டிப் போட்டது ஆர்? நான் கண்ணால கண்டனான். மூக்கால மணந்தனான்."

"அது ஒங்களுக்குத்தானுங்களே!" என்றாள் பேச்சியம்மா. "காச்சல் வுடாம கெடந்தீங்க. ஊரே ஒங்களத்தான பாக்குது, கண்ணுபட்டுப் போச்சுன்னு நான்தான் சுத்திப் போட்டேன். நாலு பேரு மிதிக்கிற எடத்துல போட்டாத்தான் திருஷ்டி போகும். அதான் சந்தியில போட்டேன். ஒங்க சீப்புல இருந்த முடிய எடுத்து மெளகாயோட எரிச்சேன். அன்னிக்கு ராத்திரியே காச்சல் விட்டுச்சுங்களே. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா, அவரு வேலைக்குப் போயிருந்தாரு."

அருள்நாயகி தன் தலையைத் தடவினாள். மணம் மீண்டும் மூக்குக்குள் வந்தது. கருகிய மயிர். அவளுடைய மயிர்.

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் பேச்சியம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதிருப்பாள். அருள்நாயகிக்கு வந்தது கோபம். தலை முதல் கால்வரை கொதித்தது. இவள் யார் தன் தலைமயிரைத் தொட? தன் காய்ச்சலை விரட்ட? அந்தோனியார் செய்த புதுமையை ஒரு தேசிக்காய் செய்ததென்று சொல்ல இவளுக்கு எவ்வளவு துணிச்சல்!

"ஆர் உனக்கு உத்தரவு தந்தது?" என்று கத்தினாள். "போ வெளிய. போ!"

பேச்சியம்மா போகவில்லை. வாசலில் குந்தியிருந்தாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் அருள்நாயகிக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே அருள்நாயகி முன்னறைக்கும் குசினிக்கும் நடந்தாள். ஜெபமாலையை எடுத்தாள், வைத்தாள். மணி ஓடிக்கொண்டிருந்தது. மக்கீன் வாசலுக்கு வந்து, பேச்சியம்மாவுக்கு ஒரு பணிஸும் பிளேன்ரித் தேத்தண்ணியும் வைத்துவிட்டு, உள்ளே பார்த்துச் சொன்னார்.

"அருளக்கா, நான் ஸ்டேசனுக்குப் போயிட்டுத்தான் வாரன். என்ட பேச்சை எடுக்கிறாங்க இல்ல. வீட்டுக்காரி வரோணுமாம். நீங்க அவனைப் பத்தி என்னவும் நெனச்சிக்கோங்க. அது உங்களுக்கும் அல்லாவுக்கும் எடையில. ஆனா அவன் புலி இல்லையெண்டு ஒங்களுக்குத் தெரியும். தெரியும்தானே?"

தெரியும். அதை மறுக்க அவளால் முடியவில்லை. ஆனால் பிழை விட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. கடைசியில் அவள் மனது ஒரு வழி கண்டுபிடித்தது. பிழையை ஒப்புக்கொள்ளப் போவதாக ஏன் நினைக்க வேண்டும்? பகைவனுக்கும் இரங்குகிற ஒரு கிறிஸ்தவப் பெண்ணாகப் போகலாமே. தனக்கு எதிராகச் சூனியம் வைத்தவனையே அருளக்கா போய் மீட்டாள் என்று லேன் சொல்லாதா? அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவளுக்குக் கால் எழும்பியது. ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். ஜெபச் சங்கமான மரியாயின் சேனையின் பதக்கத்தை நெஞ்சில் குத்தினாள். கண்ணாடி பார்த்தாள். ஒரு மனிதனின் உயிருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்க, அவள் பதக்கம் நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பொலிஸ் நிலையத்து வாசலில் பேச்சியம்மாவை நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். இன்ஸ்பெக்டர் எழும்பி நிற்பார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த அறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. பின்பக்கத்து நடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ இருமுகிறார்கள் என்று முதலில் நினைத்தாள். இருமல் அப்படி நீளாது என்று பிறகு தெரிந்தது. 

"என்ன?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

அவள் தன் சந்தைச் சிங்களத்தில் சொன்னாள். இராமர் தன் வாடகைக்காரன், இரண்டு வருடமாகத் தெரியும், நல்ல மனுசன், எந்தக் குழப்படியும் இல்லை.

இப்போது இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். சார்ஜன்டைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு அவளைப் பார்த்தார்.

"காலையில் தெரியாது என்றாய். பின்னேரம் இரண்டு வருடமாகத் தெரியும் என்கிறாய். இடையில் யார் வந்து உன்னை வெருட்டினது?"

உண்மை அவளுக்குத் தெரியும். ஒருவரும் வெருட்டவில்லை ஐயா, லேன் பெண்களுக்கு முன்னால் என்னுடைய மதிப்புப் போய்விடும் என்று பொய் சொன்னேன் ஐயா. இதுதான் பதில். இதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு விட்டும் இருப்பார். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை.

"பயத்தில சொல்லிட்டன் மாத்தயா" என்றாள்.

"யாருக்குப் பயம்? அவனுடைய ஆட்களுக்கா?"

"இல்ல, இல்ல…"

"சரி" என்றார் அவர். "நல்லவன் என்று சொல்கிற ஆள் நல்லவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நில். சாக்குக்காரன் வந்து பார்க்கட்டும். உன்னுடைய ஆள் கெட்டவன் என்றால், அவனுக்காகக் கதைக்க வந்த நீயும் அதுதான்."

இராமரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. சட்டையில் பொத்தான்கள் இல்லை. அவளைக் கண்டதும் அந்த முகம் மலர்ந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மா, வந்துட்டீங்களா" என்றான். "தெரியும்ங்க, நீங்க வருவீங்கன்னு. பேச்சிகிட்ட சொல்லியனுப்பினேன்."

இருவரையும் சுவரோடு பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். உள்கதவு திறந்தது. சாக்கு வந்தது.

அவன் செருப்பில்லாமல் வந்தான். அருள்நாயகி முதலில் அந்தக் கால்களைத்தான் பார்த்தாள். சின்ன வயதுக் கால்கள். ஒரு பெருவிரல் நகம் இல்லை, இரத்தம் காய்ந்திருந்தது. கால்கள் நடுங்கின. பிறகு மேலே பார்த்தாள். பழைய அரிசிச் சாக்கு. வியர்வை மணமும் மூத்திர மணமும் வந்தன. மயிர் கருகுகிற மணம் எங்கும் இல்லை. சாத்தானின் சொந்த வீட்டுக்குள் நின்றிருந்தாலும் அவள் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டைகளுக்குள் இரண்டு கண்கள் இராமரைப் பார்த்தன. அவளைப் பார்த்தன. மீண்டும் இராமரைப் பார்த்தன. அருள்நாயகிக்கு அந்தப் பார்வை பிடிபட்டது. அது அவளுக்குப் பழக்கமான பார்வை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரும் அவன் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவன் ஏதாவது சொல்லியே ஆக வேண்டும். எங்கேயாவது ஒரு அடையாளம் கிடைக்காதா என்று அந்தக் கண்கள் தேடின. இன்ஸ்பெக்டர் மேசையில் பேனாவைத் தட்டினார்.

நான் கெபி பார்க்கிறவள், நான் ஜெபக்காரி, எனக்கும் இவனுக்கும் ஒன்றுமில்லை என்று அவள் உள்ளே யாரோ கதறினார்கள். ஆண்டவரே, இவனோடு என்னைச் சேர்த்துவிடாதேயும். அவள் நினைத்துச் செய்யவில்லை. கால் தானாக நகர்ந்தது. ஒரே ஒரு எட்டு. இராமரை விட்டு அப்பால்.

சாக்குக்குள்ளிருந்த கண்கள் கீழே போயின. அவள் காலைப் பார்த்தன. இரண்டு பேருக்கும் இடையில் விழுந்த அந்த இடைவெளியைப் பார்த்தன. பிறகு இராமரின் பக்கம் திரும்பி, சாக்கு மெல்ல முன்னால் சாய்ந்தது. ஒருமுறை. திரும்பவும் ஒருமுறை.

"இல்லீங்க" என்றான் இராமர். "அம்மா, சொல்லுங்கம்மா…"

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவளை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் போ என்றார் இன்ஸ்பெக்டர். அவள் பக்கம் சாக்கு திரும்பவே இல்லை.

வெளியே பேச்சியம்மா எழுந்து நின்றாள். "என்னங்கம்மா சொன்னாங்க?" அருள்நாயகி அவளைத் தாண்டி நடந்தாள். நடந்துகொண்டே, "நான் சொன்னனான். அவங்கள் கேக்கேல்ல" என்றாள். அன்று சொன்ன பொய்களில் அதுதான் மிகச் சிறியது. அதுதான் அவளைப் பிறகு தூங்கவிடாமல் செய்தது.

இராமர் வரவில்லை. மக்கீன் தெரிந்த ஒரு வக்கீலைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தார். அப்படி ஒரு ஆள் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான் செய்தி. அந்த நாட்களில் நிறையப் பேருக்கு அவ்வளவுதான் செய்தி.

லேன் மட்டும் அருள்நாயகியைக் கொண்டாடியது. பொலிஸ் கண்டுபிடிக்க முன்னரே அருளக்கா கண்டுபிடித்துவிட்டாள், தலையாட்டி ஆட்ட முன்னரே அருளக்காவுக்கு மணத்துவிட்டது என்று மட்டக்குளிவரை கதை போனது. அவள் வாசலில் வெளி ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள்.

அவளால் பொறுக்க முடியாமல் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெபம் முடிந்ததும், கெபியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை மூடாமல் சொன்னாள்.

"அவன் நல்லவன். அவன்ட பெஞ்சாதி எனக்கு நல்லது செய்தவ. சார்ஜன்ட் கேக்கேக்க நான் வேணுமெண்டு பொய் சொன்னன், உங்களுக்கு முன்னால நான் குறைஞ்சிடுவன் எண்டு. ஸ்டேசனில பயத்தில நான்தான் விலகினன். அதைப் பாத்துத்தான் அவன் தலையாட்டினவன். எனக்கு ஒரு மணமும் தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சதில்ல. நான்தான் அந்த மனுசனைக் கொன்றது."

 றோஸியின் கண்களில் தண்ணீர் நிரம்பியது. கல்லெறிவார்கள் என்று அருள்நாயகி காத்திருந்தாள். எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்ன தாழ்ச்சி!" என்றாள் றோஸி. "ஒரு கொலைகாரனுக்காக இப்படித் தன்னையே தாழ்த்த ஆரால முடியும்? அருளக்கா, நீங்க விலகேல்ல. கடவுள் அனுப்பின உங்கட காவல் சம்மனசு உங்களைப் பிடிச்சு இழுத்திருக்கு."

"இல்ல றோஸி, கேள்…"

"ஸ்தோத்திரம்!" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். ஒருத்தி வந்து அவள் சேலைத் தலைப்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவள் கத்தினாள், அழுதாள், நான் சொல்வது உண்மை என்று சத்தியம் பண்ணினாள். எவ்வளவு அழுதாளோ அவ்வளவுக்குப் புனிதவதியானாள். இத்தனை வருடம் அவள்தானே இந்தக் காதுகளைப் பழக்கியது? தான் சொல்வதை மட்டுமல்ல, தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் அவளே ஊட்டி வளர்த்திருந்தாள்.

பேச்சியம்மா பின்னறையை விட்டுப் போகவில்லை. வாடகை வேண்டாம் என்று அருள்நாயகி சொன்னபோது அவள் பதில் சொல்லாமல் மாத முடிவில் காசைச் சன்னலில் வைத்தாள். "அவரு வந்தா இங்கதான் தேடி வருவாரு" என்று மக்கீனிடம் மட்டும் சொன்னாளாம். காலையில் வேலைக்குப் போவாள், பின்னேரம் வருவாள், பைப்படியில் துணி துவைப்பாள். அன்று கெபியடியில் அருள்நாயகி சொன்னதை அவளும் லேன் மூலையில் நின்று கேட்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் அதை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

தவக்காலம் முடிகிற கிழமை மட்டக்குளியிலிருந்து ஒரு தாய் வந்தாள். பின்னால் அவள் மருமகள், இருபது வயது இருக்கும், வயிற்றில் பிள்ளை. கல்யாணம் முடிந்ததிலிருந்து வீட்டில் ஒரே கஷ்டமாம். மகனுக்கு வேலை போய்விட்டதாம்.

"நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல அக்கா" என்றாள் தாய். "நீங்க ரொம்பத் தாழ்ச்சி எண்டு றோஸி சொன்னவ. பாத்தா மட்டும் போதும். இவளிட்டக் கெட்டது இருக்கோ எண்டு தலையை மட்டும் அசைச்சுக் காட்டுங்க."

அந்தப் பெண்ணைப் பிடித்து, வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்த அருள்நாயகியின் முன்னால் நிறுத்தினார்கள். றோஸியும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவளுடைய பாதங்கள் நடுங்குவதை அருள்நாயகி கண்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதையும் ஏதாவது ஆக்கிவிடுவார்கள். உண்டு என்றால் அந்தப் பெண் முடிந்தாள். எழும்பி உள்ளே போனால், கெட்டதைக் கண்டு அருளக்கா விலகிப் போனாள் என்பார்கள். குனிந்தால் அது ஓம். திரும்பினால் அது ஓம். பைப்படியில் பேச்சியம்மா துவைப்பதை நிறுத்திவிட்டு இங்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அருள்நாயகி கதிரையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தாள். காலைத் தரையில் அழுத்தி வைத்தாள். கழுத்து வலித்தது. எல்லோரும் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.